பொலன்னறுவையிற் கண்டதும் காட்டப்படாததும்

சென்ற தவணை விடுமுறையில் நம் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் 32 பேருடன் பொலன்னறுவைக்குச் சென்றுவரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. விடியுமுன் புறப்பட்ட பஸ் காலை எட்டு மணியளவில் நூதனசாலை வாயிலில் நம்மை இறக்கிவிட்டது. இடிபாடுகளைச் சுற்றிக் காட்டுவதற்கு வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டோம். அறுபது வயதைத் தாண்டிய சிங்களவர் அவர். குடியேற்றத் திட்டத்திற் காணி பெற்று வந்த விவசாயி ஒருவரின் மகன். தமிழும் ஓரளவு பேசத் தெரிந்தவர். அரை நாளில் எல்லாவற்றையும் காட்டி முடித்துவிடலாம் என்றார். சொன்னபடியே தம் பட்டியலில் இருந்த இடங்கள் அத்தனையையும் நண்பகலுக்குள் காட்டி முடித்தார். பின்னர், நாம் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அப்பட்டியலில் இல்லாத ஓரிடத்துக்கும் நம்மை அழைத்துச் சென்றார். இக்கட்டுரை அந்த ஓரிடத்தை நோக்கியே செல்கின்றது. ஆயினும் ஏனைய இடங்களைக் கடந்தே அதனை அடைதல் வேண்டும்.

சிவாலயம் ஒன்றின் முன்னே நாம் நின்றிருந்தபோது மாணவன் ஒருவன், “சேர், இது எங்கட ஆக்கள் கட்டின கோயில்தானே?” என்று கேட்டான். அவன் குரலிலே பெருமிதம் தொனித்தது. அதே காலைப்பொழுதில், பராக்கிரமபாகுவின் மாளிகைச் சுவரருகே நின்ற சிங்களப் பாடசாலை மாணவரிடையேயும் இத்தகைய பெருமிதத்தையே கண்டோம். கட்டியவர் யார் என்பது வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய முதற் கேள்வி. ஆனால் ‘எங்கள் ஆட்கள்’ என்னும் விடையை முன்னரே கையில் வைத்துக்கொண்டு கேட்கும்பொழுது அது கேள்வியாக இராது, காணி உறுதியாகிவிடும். 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் நடுவே வளர்ந்த நம் தலைமுறையினர் இந்நகரைப் பாடநூற் படங்களிலேயே கண்டனர். அக்காலத்தில் இருதரப்பிலும் வரலாறு எவ்வாறு கையாளப்பட்டது என்பதை நாம் அறிவோம். ஆகவே மாணவனின் கேள்வியை எளிதிற் கடந்துவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குக் கல்லிலும் ஏட்டிலும் உள்ள விடை யாது என்பதை ஆராய்வதே நம் நோக்கமாகும்.

வழிகாட்டி கூறிய வரலாறு அரசர்களின் வரலாறு. அதன் எலும்புக்கூடு பிழையானதன்று. 993ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசனின் படைகள் இலங்கையின் வடபகுதியைக் கைப்பற்றின. அநுராதபுரம் வீழ்ந்தது. சோழர் பொலன்னறுவையைத் தம் ஆட்சி நிலையமாக்கி அதற்குச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். தீவுக்கு மும்முடிச்சோழ மண்டலம் எனப் பெயரிட்டனர். 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பிடிக்கப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அங்கேயே மாண்டான். 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றி நகருக்கு விஜயராசபுரம் எனப் பெயர் சூட்டினான். முதலாம் பராக்கிரமபாகு 1153 முதல் 1186 வரையும், அவனையடுத்துச் சிறிது காலத்தின் பின் நிசங்கமல்லன் 1187 முதல் 1196 வரையும் ஆண்டனர். 1215இல் கலிங்கத்து மாகன் படையெடுத்து வந்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டு முடிவதற்குள் தலைநகர் என்னும் நிலையை இழந்த பொலன்னறுவையைக் காடு மூடத் தொடங்கிற்று.

இந்த வரலாற்றில் நகரின் பெயர் மாறுகின்றது. அரசனின் பெயரும் கொடியும் மாறுகின்றன. கல் சுமந்தவனின் பெயர் மட்டும் எந்த ஆட்சியிலும் ஏட்டிற் பதியப்படவில்லை. இந்த மாறாத செய்தியை மனத்திற் கொண்டு நாம் சுற்றிவரலானோம்.

முதலிற் குளக்கரையில் உள்ள நிசங்கமல்லனின் மந்திராலோசனை மண்டபத்தைக் கண்டோம். கூரை இல்லை; தூண்கள் நிற்கின்றன. அரசன் அமர்ந்த கற்சிங்க ஆசனம் இப்போது கொழும்பு நூதனசாலையில் உள்ளது. தூண்களிலே யார் யார் எங்கெங்கே அமர்தல் வேண்டும் என்பது சிங்கள எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. யுவராசன், இளவரசர், சேனாபதியர், அமைச்சர், எழுத்தாளர் என்னும் வரிசையில் வணிகர் தலைவர்க்கும் இடம் உண்டு. மாணவி ஒருத்தி தூண்களை எண்ணிப் பார்த்துவிட்டு, “கமக்காரருக்கு எந்தத் தூண், சேர்?” என்று கேட்டாள். நகைச்சுவையாகவே கேட்டாள். ஆனால் அந்த மண்டபத்தின் சமூக அமைப்பை அதனிலும் சுருக்கமாக எவரும் விளக்கிவிட முடியாது. நாட்டின் செல்வமெல்லாம் நெல்வயலிலிருந்து வந்தது. வயலில் நின்றவனுக்கு அங்கே தூண் இல்லை.

தூண் இல்லாதது தற்செயலன்று என்பதற்கு அவ்வரசனே சான்று தருகின்றான். நிசங்கமல்லனைப்போலத் தன்னைக் கல்லில் எழுதி வைத்த அரசன் இந்நாட்டில் வேறொருவன் இல்லை எனலாம். அவனது சாசனமொன்று, பயிர்த்தொழில் செய்யும் குலத்தினர் அரசுரிமையை நினைத்தும் பார்த்தல் ஆகாது என எள்ளல் நிறைந்த உவமைகளோடு எச்சரிக்கின்றது. சோழ, கேரள அரசர் போன்ற பௌத்தரல்லாதாரை அரியணையேற்றல் கூடாது என்றும் அவன் கூறுகின்றான். ஆனால் இவனோ கலிங்கத்திலிருந்து வந்தவன். அயல்நாட்டில் தோன்றிய அரசகுலத்தவனுக்கு இந்நாட்டு அரியணையில் உரிமை உண்டு. இம்மண்ணை உழுதவனுக்கு இல்லை! மதத்தின் பெயராலும் குலத்தின் பெயராலும் வரையப்பட்ட எல்லைக்கோடு உண்மையில் யாரை வெளியே நிறுத்துவதற்கென வரையப்பட்டது என்பதை இதனின் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

அடுத்து அரச மாளிகைக்குச் சென்றோம். ஏழு மாடியும் ஆயிரம் அறையும் கொண்டதாகச் சூளவம்சம் வருணிக்கும் மாளிகையின் தடித்த செங்கற் சுவர்களே இன்று எஞ்சியுள்ளன. இங்கே நின்று வழிகாட்டி பராக்கிரமபாகுவின் நீர்ப்பாசனப் பணிகளை விரித்துரைத்தார். பெரிய குளங்கள் 163, சிறு குளங்கள் 2,376, கால்வாய்கள் 3,910, அணைகள் 165 என அவர் மனப்பாடமாகச் சொன்னார். சூளவம்சம் தரும் கணக்கே அது. புதிதாக வெட்டியவற்றோடு திருத்தியமைத்தவையும் அதில் அடங்கும். எண்களில் மிகை இருக்கலாம். பணியின் பெருமையை மறுப்பதற்கில்லை. பராக்கிரம சமுத்திரத்தின் கரையில் நின்று பார்ப்பவன் எவனும் அதனை மறுக்கமாட்டான். இன்றும் அந்நீரால் வயல்கள் விளைகின்றன.

ஆயின் இத்தனை மண்ணையும் வெட்டிச் சுமந்தவர் யார்? அரசனுக்குக் கடமையாக உழைப்பை அளிக்கும் இராசகாரிய முறை இந்நாட்டு நிலப்பிரபுத்துவத்தின் முதுகெலும்பாக இருந்தது. நிலத்தை அனுபவிப்பவன் அதற்கு ஈடாக உழைப்பையோ விளைச்சலின் பங்கையோ கொடுத்தல் வேண்டும். பின்னாளில் ஆங்கில ஆட்சியினர் இம்முறையைத் தமக்கேற்பப் பயன்படுத்தி, 1832-33இலேயே கைவிட்டனர். ஒவ்வொரு குளக்கட்டின் உள்ளேயும் இத்தகைய உழைப்பு புதைந்து கிடக்கின்றது.

அந்த உழைப்பின் சுமை எத்தகையது என்பதற்கும் நிசங்கமல்லனே சாட்சி. சதுக்க மேடையில் அவனது கற்பொத்தகம் எனப்படும் ‘கல்பொத’ கிடக்கின்றது. 26 அடி நீளமுள்ள ஒற்றைக் கல் அது. மிகிந்தலையிலிருந்து அதனைக் கொண்டுவந்ததாக அச்சாசனமே கூறுகின்றது. ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தூரம்! முன்னை அரசன் மரபை மீறி விதித்த வரிகளால் மக்கள் வறுமையுற்றனர் என்றும், தான் ஐந்தாண்டுக்கு வரிநீக்கம் செய்ததாகவும், சேனைப் பயிர்ச்செய்கைக்கான வரியை என்றென்றைக்குமாக ஒழித்ததாகவும் அவன் பறைசாற்றுகின்றான். முன்னவனைப் பழித்துத் தன்னைப் புகழ்தல் அரசர்க்கு இயல்பு. ஆதலின் அவன் கூற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளுதல் தகாது. ஆயினும் வரிச்சுமையை நீக்கினேன் எனக் கல்லில் வெட்டுவது பயன் தரும் என்று ஓர் அரசன் கருதினானாயின், அச்சுமை நாடறிந்த துன்பமாக இருந்திருத்தல் வேண்டும் என்பது தெளிவு. பொற்காலம் என நாம் படிப்பிக்கும் காலத்தைப் பற்றி, அது முடிந்து பத்தாண்டுக்குள் எழுதப்பட்ட குறிப்பு இது. இக்குறிப்பைத் தாங்கிய கல்லைத் தொண்ணூறு கிலோமீற்றர் இழுத்து வந்தவரும் அதே மக்கள்தாம் என்பது வரலாற்றின் கொடிய நகைச்சுவை.

அதே மேடையில், அட்டதாகே எனப்படும் தந்ததாதுக் கோயிலின் அருகே, தமிழ்ச் சாசனமொன்று நிற்கின்றது. தமிழ் என்றதும் நம் மாணவர் ஓடிச் சென்று சூழ்ந்துகொண்டனர். ஆனால் ஒரு வரியைத்தானும் அவர்களால் வாசிக்க முடியவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் எழுத்து, இடையிடையே கிரந்தம். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியை உரிமை உணர்ச்சியால் மட்டும் கடந்துவிட முடியாது என்பதை அவர்கள் அவ்விடத்திற் கற்றுக்கொண்டனர்.

இதுவே வேளைக்காரர் சாசனம். விஜயபாகுவுக்காகத் தேவசேனாபதி கட்டுவித்த தந்ததாதுக் கோயிலை, முகலன் என்னும் பெருந்தேரர் வேளைக்காரப் படையின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். அப்படையினர் வலஞ்சியரையும் நகரத்தாரையும் அழைத்துக் கூடினர். கோயிலுக்குத் தம் பெயரைச் சூட்டினர். காவலுக்கு ஆளும் நிலமும் ஒதுக்கினர். அதன் ஊர்களையும் பணியாளரையும் அடைக்கலம் புகுந்தோரையும் தாம் அழிய நேரினும் காப்பதாக உறுதி பூண்டனர். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் முதலிய பல பிரிவினர் அப்படையில் இருந்தனர். பௌத்தரின் தலையாய புனிதச் சின்னத்தைத் தென்னிந்தியப் படையினர் காத்தனர். அதனைத் தமிழிலே எழுதியும் வைத்தனர்! ‘தமிழர் எதிர் சிங்களவர்’ என்னும் ஒற்றைக் கோட்டில் இந்நாட்டு வரலாற்றை எழுதுவோர் எவராயினும் இக்கல்லில் இடறி விழுதல் வேண்டும்.

எனினும் இதனை இன ஒற்றுமையின் நற்சான்றுப் பத்திரமாக மட்டும் காட்டி மகிழ்வதும் போதாது. நம்மிற் சிலர் அவ்வாறு செய்வதுண்டு. வேளைக்காரர் கூலிப்படையினர். விஜயபாகு சோழர்மீது படையெடுக்கக் கட்டளையிட்டபோது இவர்கள் மறுத்துக் கிளர்ந்தெழுந்து அரண்மனைக்குத் தீயிட்டனர் என்றும், அரசன் அவர்களைக் கொடுந்தண்டனையால் அடக்கினான் என்றும் சூளவம்சம் கூறுகின்றது. கூலிக்கும் நிலத்துக்கும் வாள் ஏந்தியவர் அவர். அவரை ஏவியவர்க்கோ மொழி தடையாக இருக்கவில்லை. விஜயபாகு தன் தங்கை மித்தையைப் பாண்டிய இளவரசனுக்கு மணம் செய்து கொடுத்தான். அவ்விருவரின் பேரனே மாபெரும் சிங்கள மன்னனாகப் போற்றப்படும் பராக்கிரமபாகு. ஆளும் குலங்கள் மணவினையாலும் படைத்துணையாலும் கடலைக் கடந்து தமக்குள் ஒன்றாகவே இருந்தன. பிளவு அங்கே இல்லை. அரியணைக்கும் வயலுக்கும் இடையிலேயே இருந்தது.

மேடைக்குத் தெற்கே முதலாம் இலக்கச் சிவாலயம் உள்ளது. பாண்டியர் கலைப்பாணியில், செதுக்கிய கற்களை இடைவெளியின்றிப் பொருத்திக் கட்டியது. இதன் அயலிலே 1908 அளவில் வெண்கலத் திருவுருவங்கள் பல மண்ணிலிருந்து எடுக்கப்பட்டன. ஆனந்த குமாரசுவாமி 1914இலும், சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1917இலும் அவைபற்றி எழுதி உலகறியச் செய்தனர். பொலன்னறுவை வெண்கலங்களுள் காரைக்காலம்மையாரின் உருவமும் உண்டு. வணிகர் குடியிற் பிறந்து, அழகையும் செல்வத்தையும் துறந்து பேயுருக்கொண்ட அந்தப் பெண்ணை, எலும்பும் தோலுமாகத் தாளம் தட்டுபவளாக ஒரு சிற்பி வார்த்திருக்கின்றான். அவன் யார்? இத்தீவினனா, கடல்கடந்து வந்தவனா? அவன் பெயர் எங்கும் இல்லை. ஆடவல்லானின் ஆட்டத்தைப் பற்றி அரிய தத்துவ விளக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. மெழுகுருக்கி, மண் பூசி, உலையெதிரே வெந்த கைகளைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

இனி மாணவன் கேட்ட கோயிலுக்கு வருவோம். பழைய நகர மதிலுக்கு வெளியே தனித்து நிற்கும் இரண்டாம் இலக்கச் சிவாலயமே அது. இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் தாயுமான வானவன்மாதேவியின் பெயரால் வானவன்மாதேவி ஈச்சரம் எனப்பட்டது. அடிமுதல் முடிவரை கல்லாலான சிறு கோயில். பொலன்னறுவையிற் கண்டறியப்பட்ட பத்துக்கு மேற்பட்ட சைவ, வைணவக் கோயில்களுள் இதுவே உருக்குலையாமல் எஞ்சியது. மூலைகளில் நந்திகள், உள்ளே இலிங்கம். அன்று காலையும் யாரோ ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏற்றியவர் சிங்களப் பெண்ணொருத்தி என்று வழிகாட்டி கூறினார். அதிராசேந்திர சோழனின் மூன்றாம் ஆட்சியாண்டுச் சாசனம் இக்கோயிலில் உள்ளது. அதுவும் விளக்கெரிப்பதற்கான கொடையையே கூறுகின்றது. அவ்விளக்கு எரிந்த சிறிது காலத்திலேயே சோழர் ஆட்சி இங்கு அணைந்துபோயிற்று. ஆயினும் வென்ற விஜயபாகு கோயிலை இடித்துவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

“எங்கட ஆக்கள் கட்டின கோயில்தானே?” சோழர் கட்டினர், தமிழிலே சாசனம் எழுதினர், ஐயமில்லை. ஆனால் அச்சோழர் இத்தீவில் வேறென்ன செய்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் ஆசிரியர் கடன். அவர்களின் படைகள் விகாரைகளையும் தாதுகோபங்களையும் உடைத்துப் பொருளைச் சூறையாடின என மகாவம்சத்தின் தொடர்ச்சி கூறுகின்றது. அதனைப் பகைவர் கூற்று எனத் தள்ளுவோர்க்குச் சோழரின் சொந்தச் சான்று ஒன்றுண்டு. தஞ்சைப் பெருங்கோயிலின் சாசனங்கள், ஈழமான மும்முடிச்சோழ மண்டலத்து ஊர்கள் சிலவற்றின் வருவாயை அக்கோயிலுக்கு இராசராசன் வழங்கியதைப் பதிந்துள்ளன. இங்கே உழுதவனின் விளைச்சல் கடல் தாண்டிச் சென்று தஞ்சையின் பெருமையாயிற்று. அவ்வூர்களில் உழுதவர் எம்மொழி பேசியிருந்தாலென்ன? அவரிடமிருந்து அளந்தெடுத்த மரக்கால் ஒன்றுதான். பெரிய கோபுரத்தைக் கண்டு விம்முகின்ற நம் நெஞ்சம் அந்த மரக்காலையும் நினைத்தல் வேண்டும்.

ரன்கொத் விகாரை, லங்காதிலகம், கல்விகாரை ஆகியவற்றை அடுத்தடுத்துப் பார்த்தோம். கல்விகாரையின் புத்தர் உருவங்களை விரித்துரைக்க இங்கு இடமில்லை. ஒரே பாறையிற் குடைந்தெடுத்த அந்தப் பள்ளிகொண்ட உருவத்தின் தலையணை, தலையின் பாரத்தால் அமுங்கியதுபோலச் செதுக்கப்பட்டிருப்பதை மட்டும் குறிப்பிடுவோம். கல்லைப் பஞ்சாக்கிய கை அரசனுடையதன்று. மாணவர் அதன் முன்னே நெடுநேரம் பேசாது நின்றனர். அம்மௌனத்தில் இனப்பெருமை எதுவும் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

வழிகாட்டியின் பட்டியல் அத்துடன் முடிந்தது. “தமிழ்மகாசேயவைப் பார்க்கலாமா?” என்று கேட்டோம். சிங்களத்தில் ‘தெமள மகா சேய’. அவர் சற்று வியப்போடு நம்மை நோக்கினார். “அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, மாஸ்டர். காடு பிடித்த மேடுதான். ஒருவரும் கேட்கிறதில்லை” என்றார். ஆயினும் அழைத்துச் சென்றார்.

அவர் சொன்னது மெய். குன்றுபோல் உயர்ந்த மேடு. மரங்கள் அடர்ந்திருந்தன. வேர்களின் இடையே செங்கற்கள் தெரியாவிடின் இயற்கைக் குன்று என்றே எண்ணிவிடலாம். உச்சி தட்டையானது, அதன்மேற் சிறு தூபியொன்றின் எச்சம் உள்ளது. திட்டமிட்ட பெருந்தூபி முற்றுப்பெறவில்லை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. முற்றுப்பெற்றிருந்தால் தூபிகள் யாவற்றினும் பெரியதாக அமைந்திருக்கும். இதன் சுற்றளவு 1,300 முழம் எனச் சூளவம்சம் கணக்குக் கூறுகின்றது.

இதற்கு இப்பெயர் வந்த காரணத்தையும் அந்நூலே தெளிவாகச் சொல்கின்றது. 1169 அளவிற் பாண்டிய அரசுரிமைப் போரிலே தலையிட்ட பராக்கிரமபாகு, இலங்காபுரன் என்னும் தளபதியின் தலைமையிற் படை அனுப்பினான். பாண்டிய இளவரசர் இருவர் அரியணைக்குப் போட்டியிட்டனர். ஒருவனுக்குச் சோழன் துணை, மற்றவனுக்கு இலங்கை அரசன் துணை. அப்போரிற் பிடிபட்ட தமிழர் இங்கே கொண்டுவரப்பட்டனர். முற்காலத்துத் தமிழர் அழித்த அநுராதபுரத்து மகாதூபியைப் புதுப்பிக்கும் வேலை அவர்கள்மீது சுமத்தப்பட்டது. பொலன்னறுவையின் இப்பெருந்தூபியும் பாண்டிய நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழரைக் கொண்டு கட்டப்பட்டமையாலேயே தமிழத்தூபி எனப் பெயர் பெற்றது.

இச்செய்தியை மாணவர்க்குச் சொன்னபோது அவர்கள் திகைத்தனர். நாம் அரை நாளாகப் பார்த்த கட்டடங்களில் அரசன் பெயரைத் தாங்கியவை உண்டு. அரசியின் பெயரைத் தாங்கியதும், படையின் பெயரைத் தாங்கியதும் உண்டு. செங்கல் சுமந்தவரின் பெயரைத் தாங்கியது இது ஒன்றே. அதுவும் அவரைப் பெருமைப்படுத்துதற்கு இட்ட பெயரன்று. வெற்றியின் அடையாளமாக இட்ட பெயர். தனித்தனி மனிதரின் பெயர் அங்கும் இல்லை. மதுரைப் பக்கத்து ஊர்களிலிருந்து, தமக்கு எவ்விதத் தொடர்புமில்லாத அரசுரிமைச் சண்டையிற் சிக்கி, கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்கள். முன்னொருகால் யாரோ செய்த அழிவுக்குத் தம் முதுகால் ஈடு செய்தவர்கள். அவர்களுள் எத்தனை பேர் ஊர் திரும்பினர், எத்தனை பேர் இந்த மேட்டின் அடியிலேயே மாண்டனர் என்பதைச் சூளவம்சம் கூறவில்லை. அரசர்க்காக எழுதப்பட்ட நூலிற் கைதிகளின் கணக்குக்கு இடம் ஏது?

அப்போது அந்த மாணவனை நாம் கேட்டோம்: “தம்பி, எங்கட ஆக்கள் ஆர்? வானவன்மாதேவியின் பேரில் கோயில் கட்டினவங்களோ, இங்கே கல்லுச் சுமந்தவங்களோ?” அவன் உடனே விடை சொல்லவில்லை. சொல்லாதிருந்ததே நல்லது. அவசரமாகச் சொல்லக்கூடிய விடை அன்று அது. கைதிகளும் தமிழர்தாமே என்று கூறி, இக்கதையைச் சிங்கள மன்னனின் கொடுமைக் கதையாக மட்டும் மாற்றிவிடவும் கூடும். அங்கும் நாம் வழுவிவிடுதல் கூடாது. கல்பொதவை இழுத்தவரும் வரிச்சுமையால் வாடியவரும் இந்நாட்டு உழவர். தஞ்சைக்கு நெல் அளந்தவரும் இந்நாட்டு உழவரே. சிங்கள அரசனின் தூபிக்குத் தமிழ்க் கைதி செங்கல் சுமந்தான். தமிழ் அரசனின் கோயிலுக்கு ஈழத்து விவசாயி நெல் கொடுத்தான். இவ்விருவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும் வரலாற்றுக் கண் நமக்கு வேண்டும். அரசர்கள் ஒருவர்க்கொருவர் பெண் கொடுத்து உறவாகியபோது, இவ்விருவரும் ஒருவரையொருவர் பகைவர் என எண்ணுமாறு பழக்கப்பட்டனர். அப்பழக்கத்தின் விலையை நம் காலத்திலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே இருபக்கத்திலும் கொடுத்தனர்.

வழிகாட்டி நம் பேச்சைக் கவனித்துக்கொண்டு நின்றார். தமிழத்தூபியின் பெயர்க்காரணத்தை அவர் அறிந்திருந்தார். பயணிகளிடம் சொன்னால் மனம் வருந்துவார்களோ என்று சொல்வதில்லையாம். பின்னர்த் தம் தந்தை காடு வெட்டிக் காணியாக்கிய காலத்தைப் பற்றிச் சிறிது பேசினார். மலேரியாக் காய்ச்சலோடு போராடிய கதை அது. “குளம் அரசர் பேரில் இருக்கு. வாய்க்கால் வெட்டினது அப்பாதான்” என்று சொல்லிச் சிரித்தார். அவர் காலையிலிருந்து கூறியவற்றுள் இதுவே நமக்கு மிகப் பெரிய வரலாற்றுப் பாடமாகத் தோன்றியது.

சாசனங்களை வாசித்துத் தந்த அறிஞர்களுக்கு நாம் பெரிதும் கடன்பட்டுள்ளோம். சிங்களச் சாசனங்களுக்குப் பரணவிதானவும், தமிழ்ச் சாசனங்களுக்கு இந்திரபாலாவும் பத்மநாதனும் ஆற்றிய பணி இல்லையேல் இக்கட்டுரையில் ஒரு வரிதானும் எழுதியிருக்க இயலாது. ஆனால் அவர்கள் வாசித்துத் தந்தவை வகுப்பறைக்கு வரும்போது அரசரின் பெயரும் ஆண்டும் மட்டுமே எஞ்சுகின்றன. வரியும் கொடையும் கூலியும் நிலமும் உதிர்ந்துபோகின்றன. அவற்றை மீண்டும் பாடத்துக்குள் கொண்டுவருதல் ஆசிரியர்களாகிய நம்மால் இயலாத காரியமன்று. பராக்கிரமபாகுவின் குளங்களைப் படிப்பிக்கும் நாளிலேயே நிசங்கமல்லனின் வரிக்குறிப்பையும் படிப்பிக்கலாம். இராசராசனின் வெற்றியைப் படிப்பிக்கும் நாளிலேயே தஞ்சைக்குச் சென்ற ஈழத்து ஊர்களின் வருவாயையும் சொல்லலாம். வேளைக்காரர் சாசனத்தைத் தமிழ் மாணவர்க்கும் சிங்கள மாணவர்க்கும் ஒருங்கே சொல்லலாம்.

பொலன்னறுவைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழிகாட்டியிடம் இன்னும் அரைமணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காடு பிடித்த அந்த மேட்டின் அடியில் பிள்ளைகளை நிறுத்துங்கள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று அவர் சொல்லக்கூடும். வேர்களிடையே சிதறிக் கிடக்கும் செங்கற்களுள் ஒன்றைச் சுட்டிக்காட்டி, இதனை இங்கே கொண்டுவந்து வைத்தவர் யார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அந்தக் கேள்வியோடு அவர்கள் வீடு திரும்பினாற் போதும்.